பழைய புடவை எங்க போகணும்: பாத்திரக்காரரா, ஹோமா, பட்டு வாங்குறவங்களா, தெரிஞ்சவங்களா?

பீரோவ காலி பண்ண உக்காந்தா எதை வச்சுக்கலாம், எதை விடலாம்னு தான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க. என்னைக் கேட்டா அதுக்கு முன்னாடியே எங்க குடுக்கப் போறோம்னு முடிவு பண்ணிடணும். போற இடம் தெரியாத வரைக்கும் மனசு வராது, "நல்லா தானே இருக்கு, கிடக்கட்டும்"னு திரும்ப உள்ள தான் போகும். எங்க வீட்ல கதவு மூடாத அளவுக்கு ரெண்டு பீரோ நிறைஞ்சு நின்னப்போ நான் எல்லா வழியும் போய்ப் பாத்துட்டேன், இப்போ எது எதுக்கு சரிப்படும்னு ஓரளவு சொல்ல முடியும். என் ஓட்டு தெரிஞ்சவங்களுக்கு நேர்ல குடுக்கிறதுக்கு தான், அதை முதல்லயே சொல்லிடுறேன்.

போகில போட்டு கொளுத்துறதை நான் ஒரு வழியாவே எடுத்துக்கல. இப்ப இருக்கிற துணில நிறைய பாலியஸ்டர் கலந்தது, அதைக் கொளுத்தினா பிளாஸ்டிக் கொளுத்துற மாதிரி தான். 2018 போகி அன்னைக்கு புகையில சென்னை ஏர்போர்ட்ல ஃபிளைட்டே இறங்க முடியாம போச்சு. ரீசேல் ஆப்ல போட்டும் பாத்தேன், பிராண்டட் குர்த்தி ஒன்னு ரெண்டு போச்சு, சாதா புடவைக்கு "லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க"ங்கிற மெசேஜ் மட்டும் தான் வந்துச்சு. பொறுமையும் நல்ல ஃபோட்டோவும் இருந்தா ஓடும் போல, எனக்கு அதுல அனுபவம் கம்மி.

பாத்திரக்காரர் வழி ரொம்ப ஈசி. தெருவுல சத்தம் கேட்டா கூப்பிட்டா போதும், ஒரு குவியலுக்கு ஒரு எவர்சில்வர் டப்பாவோ பிளாஸ்டிக் பக்கெட்டோ குடுத்துட்டு எடுத்துட்டுப் போயிடுவார். பேன்ட், சட்டைக்கு நல்ல மதிப்பு, புடவைக்கு சுமார், சுடிதார் டாப்புக்கு அதைவிடக் கம்மி. அவர் ஒவ்வொன்னா விரிச்சு வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஓட்டை பாக்குறதைப் பாத்தாலே தெரியும், அவருக்கு இது பிழைப்பு. நல்லா இருக்கிறது துவைச்சு அயர்ன் பண்ணி செகண்ட் ஹேண்டா சந்தைக்குப் போகும், காட்டன் கிழிசல் மெக்கானிக் ஷெட்டுக்கு ஆயில் துடைக்கப் போகும். எதுவும் வீணாகாதுங்கிறதால எனக்கு இந்த வழி மேல மரியாதை உண்டு. ஆனா ஒரு டப்பா கைக்கு வந்ததும் பீரோல காலியான இடம் கிச்சன்ல நிறைஞ்சுடும், அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

ஹோம், ஆசிரமம், டிரஸ்டுக்கு குடுக்கிறது தான் நல்ல காரியம்னு பொதுவா எல்லாருக்கும் தோணும். 2004 சுனாமி அப்போ என்ன ஆச்சுன்னு நினைச்சுப் பாருங்க. நாடு முழுக்க இருந்து லாரி லாரியா பழைய துணி வந்து நாகப்பட்டினம் பக்கமெல்லாம் ரோட்டோரத்துல கொட்டிக் கிடந்துச்சு. முந்தின நாள் வரைக்கும் சொந்தமா படகு வச்சு சம்பாதிச்ச குடும்பங்கள், அடுத்தவங்க கழிச்சுப் போட்டதைப் பொறுக்கிக் கட்டுவாங்களா? நிறைய பேர் தொடவே இல்ல. அப்படி மிஞ்சுன துணியைத் தரம் பிரிச்சு வேற விதமா பயன்படுத்துற வேலைல கூஞ்ச் அமைப்பு இறங்குச்சு. 1999ல டெல்லில அன்ஷு குப்தா ஆரம்பிச்சது, அவருக்கு 2015ல மகசேசே விருதும் கிடைச்சுது. அவங்க துணியை தானமா நீட்டுறதில்ல, ஊர்க்காரங்க சேர்ந்து கிணறோ ரோடோ தங்களுக்கு வேணும்ங்கிறதை செஞ்சுக்குவாங்க, அதுக்கு சன்மானமா துணி போகும். பழைய காட்டன் புடவைய மாதவிடாய் நாப்கின் தைக்கிறதுக்கும் எடுத்துக்குறாங்க. அந்த மாதிரி பிரிச்சு, துவைச்சு, ஆள் பாத்து அனுப்புற ஏற்பாடு இருக்கிற இடம்னா தாராளமா குடுக்கலாம். நம்ம பக்கத்துல இருக்கிற சின்ன ஹோம்ல அதுக்கெல்லாம் ஆள் கிடையாது. நான் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஃபோன் பண்ணிக் கேட்டப்போ அங்க இருந்த மேடம் ரொம்ப தெளிவா சொன்னாங்க, "புடவை வேண்டாம்மா, இடமே இல்ல, நைட்டியும் பெட்ஷீட்டும் இருந்தா குடுங்க"ன்னு. கேக்காம மூட்டை கட்டிட்டுப் போய் இறக்கினா நம்ம பீரோ பாரத்தை அவங்க தலையில ஏத்துறோம், அவ்ளோதான்.

பட்டு தனி. பழைய பட்டு வாங்குறவங்க வேணும்னு கேக்குறது சரிகை தான். நல்ல சரிகைன்னா நடுவுல பட்டு நூல், அதைச் சுத்தி வெள்ளி, மேல தங்க முலாம். ஒரு இழை உருவி கல்லுல உரசிப் பாப்பாங்க, உரசின தடம் செம்பு சிவப்பு அடிச்சா அது வெள்ளிக்குப் பதிலா செம்புல பண்ண டெஸ்டட் சரிகை, விலையே இல்லாத மாதிரி தான் பேசுவாங்க. வெள்ளி கிலோ 1 லட்சத்தைத் தாண்டினதுல இருந்து நல்ல சரிகைக்கு கேள்வி ஜாஸ்தி, அதனால ரெண்டு மூணு இடத்துல காட்டாம குடுத்துடாதீங்க. மடிப்பு மடிப்பா விட்டுப்போன பட்டுக்கு இது தான் சரியான வழின்னு நான் நினைக்கிறேன். தறியில அத்தனை நாள் உக்காந்து நெய்ஞ்ச புடவை எரிச்சு வெள்ளி எடுக்கப் போகுதேன்னு மனசு கஷ்டமா தான் இருக்கு, ஆனா விட்டுப்போனதை யாரும் கட்ட முடியாது. கட்டுற நிலையில இருந்தா மட்டும் தயவுசெஞ்சு இந்த வழிக்கு அனுப்பாதீங்க, வீட்டு பொண்ணுங்களுக்கு பாவாடை தாவணியா தைச்சாவது உடுத்தட்டும்.

இப்போ தெரிஞ்சவங்களுக்கு குடுக்கிறது. வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, அபார்ட்மென்ட் செக்யூரிட்டி அண்ணனோட வீட்டம்மா, சித்தி பொண்ணு, ஆபிஸ்ல புதுசா சேர்ந்த பொண்ணு, யாரா வேணா இருக்கலாம். இதை நான் தூக்கிப் பிடிக்கிறதுக்குக் காரணம், அந்தத் துணிய ஒருத்தர் திரும்ப உடுத்துவாங்களா மாட்டாங்களாங்கிற ஒரே கேள்விக்கு இங்க மட்டும் தான் முன்னாடியே பதில் கிடைக்கும். அந்தப் பதிலை முடிவு பண்றது புடவை கிடையாது, பிளவுஸ்.

புடவைக்கு சைஸ் இல்ல, யாருக்கும் ஆகும்னு நாம குடுத்துடுறோம். வாங்கிட்டுப் போறவங்க அதுக்கு பிளவுஸ் தைக்கணுமே? எங்க ஏரியாவுல லைனிங் வச்சு தச்சா 400, 500 ஆகுது, சும்மா கிடைச்ச புடவைக்கு யாரு அவ்ளோ செலவு பண்ணுவாங்க, அப்புறம் பாக்கலாம்னு அவங்க வீட்டு பீரோல போய் உக்காந்துக்கும். அதனால பிளவுஸும் சேத்து தான் குடுக்கணும், குடுக்குறதுக்கு முன்னாடி அதை உள்பக்கம் திருப்பிப் பாக்கணும். அக்குள்ள இருந்து இடுப்பு வரைக்கும் ரெண்டு மூணு வரி தையல் ஓடும், அதுக்கு வெளிய டெய்லர் விட்டு வச்ச துணி இருக்கும். அந்த விட்ட துணி ஒரு இன்ச்சாவது இருந்தா தையல் பிரிச்சு இன்னொருத்தருக்கு ஆக்கிடலாம், 50 ரூபால ஆல்ட்டர் முடியும். உடம்பு சுத்தளவு எப்படியும் சமாளிச்சுடலாம், கை பிடிச்சா தான் கஷ்டம், அங்க பெரும்பாலும் துணி விட்டிருக்க மாட்டாங்க. அக்குள்ள வேர்வைக் கறை ஏறிப்போச்சுன்னா அந்த பிளவுஸ குடுக்கவே கூடாது. அப்போ கருப்போ கோல்டோ ஒரு ரெடிமேட் ஸ்ட்ரெச் பிளவுஸ் வாங்கி வச்சுக் குடுங்க, எந்தப் புடவைக்கும் போகும். ஃபால்ஸ் அடிச்சிருக்கு, பிளவுஸ் ரெடின்னா அடுத்த வாரமே கட்டிடுவாங்க.

அடுத்தது கேக்குற விதம். பையில திணிச்சு கையில குடுத்தா எதிர்ல நிக்கிறவங்களால வேண்டாம்னு சொல்ல முடியாது, முக்கியமா நம்ம வீட்ல வேலை பாக்குறவங்களால. நான் துவைச்சு மடிச்சதை கட்டில் மேல விரிச்சு வச்சுட்டு, "அக்கா, இதுல புடிச்சது இருந்தா மட்டும் எடுத்துக்கோங்க, இல்லன்னா விட்டுடுங்க, நான் வேற இடத்துல குடுத்துக்குறேன்"னு சொன்னேன். அவங்க ஒவ்வொன்னா எடுத்து தோள்ல போட்டுப் பாத்துட்டு, "இந்த மஸ்டர்ட் எனக்கு எடுக்காதும்மா, மருமக கட்டும். இந்த ஷிஃபான்லாம் நிக்கவே நிக்காது, வேண்டாம்"னு பாதிக்கு மேல ஒதுக்கிட்டாங்க. எனக்கு அது தான் வேணும், ஒதுக்கின வரைக்கும் நல்லது. எடுத்துக்கிட்டதெல்லாம் அவங்க வீட்ல நிச்சயம் புழங்கும்.

சுங்குடி, பழைய காட்டன், வேட்டி இதெல்லாம் பிள்ளைபேறு நடக்கப் போற வீட்ல கேட்டுப் பாருங்க. துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆன நூல் புடவைய தூளி கட்டவும் குழந்தைக்கு விரிக்கவும் இன்னைக்கும் தேடுவாங்க, புதுத் துணி அந்த அளவுக்கு ஆகாது. எங்க பெரியம்மா எதைக் குடுத்தாலும் ஒரு இழை நூல் உருவி வச்சுக்கிட்டு தான் குடுப்பாங்க, நானும் அப்படியே பண்றேன், குடுக்கிறப்போ மனசு லேசாகுது. முகூர்த்தப் புடவை மட்டும் எந்த லிஸ்ட்லயும் இல்ல, அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்.

இந்த வழில குறையும் இருக்கு. நேரம் ஆகும், ஒரே நாள்ல பீரோ காலி ஆகாது, எனக்கு இன்னும் ஒரு தட்டு பாக்கி கிடக்கு. சுடிதாருக்கு இந்த பிளவுஸ் கணக்கு உதவாது, சைஸ் ஒத்துவந்தா தான் உண்டு, அதனால ஒரே உடம்புவாகுல இருக்கிற ஆளைத் தேடணும். ஆம்பளைங்க பேன்ட் சட்டையில எனக்கு பழக்கம் கம்மி, அது பாத்திரக்காரர்கிட்ட நல்லா போகுதுங்கிறதால அங்கயே விட்டுட்டேன். வீட்டை விட்டு காலி பண்ற அவசரத்துல இருக்கீங்கன்னா, நல்லது நாலு மட்டும் தெரிஞ்சவங்களுக்குன்னு எடுத்து வச்சுட்டு மீதிய பாத்திரக்காரருக்குப் போடுங்க.