ஒலி விளக்குக்குப் பழைய மின்மாற்றியா, சுவிட்ச் மோட் பெட்டியா?

முதலில் சுவிட்ச் மோட் பெட்டியைத்தான் (மின்சாரத்தை மிக வேகமாக வெட்டி வெட்டி வோல்ட்டை மாற்றும் இலேசான மின்வழங்கி) வாங்கினேன், அதை மறைப்பானேன். கொழும்பு கொட்டாஞ்சேனையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் 35 மி.மீ. புரொஜெக்டரில், யாரும் பேசாத காட்சிகளிலெல்லாம் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். பிலிமின் ஓரத்தில் ஒலியைப் பதித்திருக்கும் ஒலித்தடத்தின் மேல் வெளிச்சம் பாய்ச்சும் எக்சைட்டர் விளக்கு 9 வோல்ட், 4 ஆம்பியர். அதற்கு மின்சாரம் கொடுப்பது மின்மாற்றி, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோட், அதன் ஏற்ற இறக்கத்தைச் சமனாக்கும் கபாசிட்டர் அடங்கிய ஓர் இரும்புப் பெட்டி. தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

எதையும் வாங்குமுன் குற்றவாளி அதுதானா என்று பாருங்கள். விளக்குக்கும், அதன் வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும் ஒளிக்கலத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைப் பிடியுங்கள். இரைச்சல் நின்றால் துடிப்பது வெளிச்சம். நிற்காவிட்டால் ஆம்பிளிஃபையர் பக்கம் போங்கள். சந்தேகம் தீராவிட்டால் விளக்கை 6 வோல்ட் மோட்டார் சைக்கிள் பேட்டரியில் எரியவிடுங்கள். வெளிச்சம் மங்கும், ஆனால் பேட்டரியின் மின்சாரத்தில் அலை (ஏற்ற இறக்கம்) இல்லாததால் இரைச்சல் இருக்காது. எங்களுக்கு இரண்டு சோதனையும் இரும்புப் பெட்டியையே கைகாட்டின.

விலை, எடை, இரைச்சல் மூன்றிலும் புதிய பெட்டிக்கே வெற்றி. அதில் மிஞ்சும் அலை காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் இருக்கிறது. பழையதிலோ 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் 100 ஹெர்ட்ஸ் அலையாக மாறி, நேராகக் காதுக்கு வந்துவிடுகிறது.

சிக்கல் விளக்கைப் போடும் கணத்தில் வந்தது. எரியும்போது இழையின் தடை இரண்டேகால் ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். புதிய பெட்டி அதைக் குறுக்குச்சுற்று என்று எண்ணிப் பயந்து அணைந்தது, மறுபடி முயன்றது, மறுபடி அணைந்தது. விளக்கு மின்மினிபோலக் கண்சிமிட்ட, திரையில் ஆட்கள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். தொடரில் ஒரு தெர்மிஸ்டர் (குளிரில் தடை கூடி, சூடானதும் குறையும் பாகம்) வைத்ததும் சரியாயிற்று. மூன்று மாதம் கழித்துப் பெட்டி அடியோடு செத்தது. புறக்கோட்டையில் திறந்து பார்த்தவர், “தம்பி, இதைத் திருத்தும் கூலிக்குப் புதிதாகவே ஒன்று வாங்கலாம்” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?

பழைய பெட்டிக்கு நான் திரும்பியது இதனால்தான். அதற்குள் என்ன கெட்டாலும் வெளியே சொல்லிவிடும். இரைச்சல் 100 ஹெர்ட்ஸில் இருந்தால் கபாசிட்டர் உலர்ந்துவிட்டது. இன்னும் கட்டையாக 50 ஹெர்ட்ஸில் இருந்தால் பிரிட்ஜில் (நான்கு டயோட்கள் சேர்ந்த சுற்று) ஒரு டயோட் அறுந்துவிட்டது. எங்களுடையதில் இரண்டு கபாசிட்டர்களின் தலையும் உப்பி, அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தது. புதியவற்றை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன். மதிப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: 4 ஆம்பியர் இழுக்கும்போது 10,000 மைக்ரோஃபரட் தனியே நின்றால் ஏறக்குறைய 4 வோல்ட் அலை மிஞ்சும். இரண்டு பெரிய கபாசிட்டர்களுக்கு நடுவே அலையைத் தடுக்கும் ஒரு சோக் சுருளும் வைத்திருப்பது அதனால்தான். அந்தச் சுருளைக் கழற்றிவிடாதீர்கள். மின்மாற்றியே எரிந்தாலும் மறுபடி சுற்றித் தர இந்த ஊரில் ஆள் கிடைக்கும். குளிர்ந்த விளக்கைக் கண்டும் அது பயப்படுவதில்லை. வோல்ட் கொஞ்சம் தாழ்ந்து, தானாகவே நிமிர்ந்துவிடுகிறது.

எந்தப் பெட்டியானாலும் வோல்ட்டை விளக்கின் காலிலேயே, எரியும்போதே அளவிடுங்கள். எங்கள் பெட்டியில் 9 காட்டிய மீட்டர், விளக்கில் 7.8தான் காட்டியது. கடற்காற்றில் பித்தளைத் தாங்கி பச்சை பூத்திருந்தது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்ததும் ஒலி நிமிர்ந்தது. இப்போது 8.5இல் வைத்திருக்கிறேன். ஐந்து சதவீதம் குறைத்தாலே மின்குமிழின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

மூன்றாவது வழி, விளக்கையே எடுத்துவிட்டுச் சிவப்பு எல்.ஈ.டி. பொருத்துவது. சயன் (பச்சை கலந்த நீலம்) நிற ஒலித்தடம் உள்ள பிந்திய பிரதிகளுக்குச் சிவப்பு வெளிச்சம்தான் வேண்டும். வேறோர் இடத்தில் அப்படி மாற்றிய இயந்திரத்தில் இரண்டு ரீல்கள் மட்டும் கேட்டேன், தெளிவாகவே இருந்தது. அந்த இரண்டு ரீலை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் வெள்ளித் தடம் உள்ள கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றுக்கு இந்த இரும்புப் பெட்டியே போதும்.