டவர் துப்பாக்கிக்கு ஸ்பேர் கிடைக்குமா? கோவைக் கடை ஒன்றில் என் அனுபவம்

அந்தியூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் அப்பாரு காலத்துத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. வாய் வழியாக மருந்து கெட்டித்து, கேப் என்ற சின்ன வெடிமூடியை வைத்துச் சுடுகிற துப்பாக்கி, 1853 என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ரகம், லைசென்ஸ் இப்போது அப்பா பேரில். தேர்தல் வந்தால் ஸ்டேஷனுக்குப் போய் வரும், மற்ற நாளெல்லாம் பீரோதான். போன வருஷம் பார்த்தால் கேப்பை அடிக்கிற குதிரை தொளதொளவென்று ஆடுகிறது, உள்ளே அதை இயக்கும் மெயின் ஸ்பிரிங் இரண்டு துண்டு. கேப் உட்காரும் நிப்பிளும் தலை நசுங்கிக் கிடந்தது.

முதலில் கோவை கணபதியில் தெரிந்த லேத் பட்டறைக்குத்தான் போனேன். எதைக் கொடுத்தாலும் கடைந்து தருகிறவர், இதைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஏந்தம்பி, என்னைய உள்ள தள்ளப் பாக்கறீங்களா?" கடுப்பாக இருந்தாலும் அவர் சொன்னது சரிதான். ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கத் தனி உரிமம் வேண்டும், நம் லைசென்ஸ் அவரைக் காப்பாற்றாது. வெளிநாட்டிலிருந்து ஸ்பேரைப் பார்சலில் வரவழைக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள், சட்டத்தின் கண்ணில் பாகமும் ஆயுதம்தான்.

அப்புறம்தான் கோவையிலேயே ரிப்பேர் உரிமம் உள்ள இந்தப் பழைய கடை. அங்கே இருக்கும் பெரியவர் ஸ்பிரிங்கைப் பார்க்கவே இல்லை, பக்கத் தகட்டைத்தான் முதலில் பார்த்தார். கிரீடம், டவர் என்ற முத்திரை. "டவருங்களா, அப்ப எந்த ஸ்பேரும் நேரா உக்காராதுங்க." என்ஃபீல்டு என்று முத்திரை இருந்தால் அது பிரிட்டிஷ் அரசாங்கத் தொழிற்சாலையில் அமெரிக்க இயந்திரங்களை வைத்துச் செய்தது, ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும். டவர் என்றால் பர்மிங்காம் ஒப்பந்தக்காரர்கள் கையால் ராவிச் சேர்த்தது, ஒவ்வொன்றும் தனி அளவு. இது தெரியாமல் நான் ஆறு மாதமாக 'அதே மாடல் ஸ்பிரிங்' தேடிக்கொண்டிருந்தேன்!

பெரியவர் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து, அதிலிருந்த பழைய ஸ்பிரிங்குகளில் மூன்றாவதாக எடுத்தது கிட்டத்தட்ட ஒத்துப்போனது. அதன் கொக்கியை மெழுகுவத்திப் புகையில் காட்டிக் கரியாக்கி, உள்ளே வைத்து எடுத்து, கரி எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு, மறுபடியும் புகை. அரை மணி நேரம் நின்று பார்த்தேன், அலுக்கவில்லை. நிப்பிள் மரையை அளந்தால் அங்குலத்துக்கு 18 இழை, விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் மரை, இழையின் கோணம் 55 டிகிரி. அதே தடிமனில் 18 இழையுள்ள அமெரிக்க மரையும் உண்டு, அது 60 டிகிரி. ஏறுகிற மாதிரிதான் இருக்கும், முழுசாகப் பிடிக்காது, பிய்த்துக்கொண்டால் சுடுகிறவன் மூஞ்சிக்குத்தான் வரும்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு வாரம் என்றார்கள், மூன்று மாதம் ஆனது. போன் எடுக்கவே மாட்டார்கள். கூலி 6,500 ரூபாய், எதற்கு எவ்வளவு என்று கேட்டால் பதில் கிடையாது. போதாக்குறைக்கு, நான் உப்புத்தாள் போட்டு முத்திரையைத் தேய்த்து வைத்திருந்ததற்கு நாலு பேர் முன்னால் திட்டு வேறு. வேலை மட்டும் சுத்தம். குதிரை இப்போது பாதியில் ஒரு 'டக்', முழுசாக இழுத்தால் இன்னொரு 'டக்'.

போகிறவர்கள் ஒரிஜினல் லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துப் போங்கள், துப்பாக்கியை விட்டுவிட்டு வந்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். ஜெராக்ஸோடு போன என்னை முதல் நாள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள், அந்தியூர் வரைக்கும் பெட்ரோல் தண்டம்.