பரம் மெஷினும் க்யூசிமும்: சுங்கை சிப்புட்ல உக்காந்து நாலு வருஷம் ஓட்டுன அனுபவம்

இந்தியாவுல ஒரு காலேஜ்ல ரிசர்ச்சுக்கு சேந்ததால, இந்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம் சி-டாக் செஞ்ச பரம் சூப்பர் கம்ப்யூட்டர் ஒண்ணுல எனக்கு லாகின் கெடச்சுது, நாலு வருஷமா மலேசியாவுல வீட்டுல இருந்தே யூஸ் பண்றேன், பாக்குறவங்க எல்லாம் "பறக்குமா?"ன்னுதான் கேக்குறாங்க.

பறக்காதுங்க. செம்பனை எண்ணெய்ல இருக்குற பால்மிட்டிக் ஆசிட் மாலிக்யூல் எப்படி அசையுதுன்னு குரோமேக்ஸ்ங்கிற சாஃப்ட்வேர்ல பாக்குறதுதான் என் வேலை, அத ஒரே ஒரு கோர்ல (சிப்புக்குள்ள கணக்குப் போடுற ஒரு யூனிட்) ஓட்டுனா என் லேப்டாப்ப விட பெரிய வேகம் ஒண்ணும் தெரியல. அப்பா தோட்டத்துல பழைய மண்டோர் (ஆளுங்கள மேய்க்கிற மேஸ்திரி), அவருக்கு சொல்லப் போயிதான் எனக்கே வெளங்குச்சு. "பெரட்டுல (காலைல ஆள் கணக்கெடுக்குற எடம்) கிராணி (தோட்டத்துக் கணக்கப்பிள்ளை) ஆளுக்கு ஒரு நெரை பிரிச்சுக் குடுப்பாருல்ல, அதான்பா இது." இங்க கிராணி பேரு ஸ்லர்ம், மெஷின்ல வேலையப் பிரிச்சு விடுற சாஃப்ட்வேர். எத்தன நோடு (மெஷினுக்குள்ள இருக்குற தனித்தனி கம்ப்யூட்டர்), எத்தன மணி நேரம்னு எழுதிக் குடுத்துட்டு பிடின்னு (பெண்டிங்) நிக்கிறது ஆர்னு (ரன்னிங்) மாறுற வரைக்கும் காத்துக் கெடக்கணும். அப்பா விடல, "நூறு ஆள எறக்குனா ரப்பர் பால் நிறுக்குற எடத்துல எல்லாம் ஒண்ணா வந்து நிப்பானுங்களே, அப்ப?"ன்னாரு. அதேதான்! எனக்கு 4 நோடு வரைக்கும் நல்லா ஏறுச்சு, 8 போட்டா கிட்டத்தட்ட அதே டைம், நோடுங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிறதுலயே நேரம் போயிடுது.

மொத வருஷம் ஒரு கூத்து. நேரத்தக் கம்மியா எழுதிட்டேன், ரெண்டு நாள் ஓடி முடியப் போற நேரத்துல ஜாப் கட். அழாத கொறையா மொதல்ல இருந்து ஓட்டுனேன். விட்ட எடத்துல இருந்து தொடர உதவுற செக்பாயிண்ட் ஃபைல் அதே ஃபோல்டர்ல சும்மா கெடந்துச்சுன்னு அப்புறம்தான் தெரியும், தப்பு என்னோடதுதான். ஒரு டிப்ஸ்: நம்ம காலைல 8 மணின்னா அங்க 5.30, பசியாறுறதுக்கு முன்னாடி ஜாப் போட்டா க்யூ சீக்கிரம் நகரும்.

கிரே கம்பெனியோட பெரிய சூப்பர் கம்ப்யூட்டர அமெரிக்கா தர மாட்டேன்னதால 1988ல ஆரம்பிச்சதுதான் சி-டாக், 1991ல பரம் 8000 வந்துச்சு. பேரலல் மெஷின்ங்கிறதத்தான் பரம்னு சுருக்குனாங்க. 2022ல திருச்சி என்ஐடில வச்ச 838 டெராஃபிளாப்ஸ் (செகண்டுக்கு 838 லட்சம் கோடி கணக்கு) மெஷினுக்கு பரம் பொருள்னு பேரு, குறள்ல வர்ற பொருள்தான். எனக்கு அதுல லாகின் இல்ல, பொறாமதான்.

க்யூசிம் வேற கதை. சி-டாக், பெங்களூர் ஐஐஎஸ்சி, ரூர்க்கி ஐஐடி சேந்து செஞ்சு 2021ல விட்டது. நெஜ குவாண்டம் மெஷின் இல்ல, சாதா கம்ப்யூட்டர் குவாண்டம் மாதிரி நடிச்சுக் காட்டும். நாய்ஸ், அதாவது நெஜ குவாண்டம் மெஷின்ல வர்ற பிழைய, சேத்து பாக்கலாம், எனக்குப் புடிச்சது அதான், சுத்தமா வந்த விடை எப்படிக் கலங்கிப் போவுதுன்னு கண்ணால பாக்கலாம். ஆனா கேட் (குவாண்டம் கணக்கோட சின்னச் சின்னப் படி) போட்டு வெளையாடக் கத்துக்கலாமே தவிர என் மாலிக்யூல் வேலைக்கு இது பத்தாது.

ஏன் பத்தாதுன்னு பாக்க நானே பைத்தான்ல ஒரு குட்டி சிமுலேட்டர் எழுதுனேன். ஒரு க்யூபிட் (குவாண்டம் கம்ப்யூட்டரோட பிட்) கூடுனா மெமரி டபுள். 28 க்யூபிட்டுக்கு 4 ஜிபி, 30க்கு 16 ஜிபி, என் லேப்டாப்பே மொத்தம் 16 தான், அங்கயே மூச்சு நின்னுடுச்சு. 40ன்னா 16 டிபி, அதுக்குத் திரும்பவும் பரம்கிட்டதான் கைய நீட்டணும். போன வாரம் 33 க்யூபிட்டுக்கு ஜாப் போட்டேன், இன்னும் பிடிலயே நிக்கிது.