பிள்ளைகளைச் சாகச முகாமுக்கு அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு

தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் கோடை முகாம் நடத்தும் ஒரு நிறுவனத்தை நம்பி, மே மாதம் என் மகனை அனுப்பினோம். பெயரைப் போட வேண்டாம் என்கிறார் வக்கீல், அதனால் விட்டுவிடுகிறேன்.

விளம்பரத்தில் இருந்தது ஆற்றங்கரை. கூடாரம் அடித்ததோ ஓடைக்கு நடுவே இருக்கும் மணல் திட்டில்! கோடையில் அங்கே கணுக்கால் அளவுதான் தண்ணீர், போட்டோவுக்கு நன்றாக இருக்கும், சரி. ஆனால் மே மாதம் மதியத்துக்கு மேல் மேற்குத் தொடர்ச்சி மலையில் இடி மழை கொட்டுவது ஊரறிந்த விஷயம். மேலே கொட்டினால், கீழே ஒரு சொட்டு விழாமலே காட்டாறு வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனதை மறந்திருக்க மாட்டீர்கள்.

முகாமில் வெள்ளம் வந்த அன்று சாயங்காலமே பக்கத்து மாந்தோப்புக் காவல்காரர் வந்து, "மேக்க மின்னுது, பிள்ளைகளை மேட்டுக்கு ஏத்துங்க தம்பி" என்றிருக்கிறார். பயிற்சியாளர் என்று வந்திருந்த பையன், "ஆப்புல மழை காட்டல தாத்தா" என்று அனுப்பிவிட்டான். அந்த ஆப் காட்டியது கீழே இருக்கும் ஊரின் வானிலையை.

ராத்திரி பாத்திரம் கழுவப் போன சமையல்கார அக்காதான் தண்ணீர் செம்மண் கலங்கலாகி, சருகும் சுள்ளியுமாக வருவதைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். விசில் இல்லை, கயிறு இல்லை, அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே டார்ச், அதுவும் மங்கல். எல்லோரும் மேடேறிவிட்டார்கள், அதுவே பெரிது. கூடாரம், பை, செருப்பு எல்லாம் தண்ணீரோடு போச்சு.

மறுநாள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் என்ன போட்டார்கள் தெரியுமா? "லேசான சாரல், குழந்தைகள் உற்சாகம்." அப்புறம் தோப்புக்காரர் போனிலிருந்து மகன் அழைத்தபோதுதான் நடந்தது தெரிந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், இயற்கைச் சீற்றத்துக்குப் பொறுப்பில்லை என்று நாங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் காட்டுகிறார்கள். ஆற்றுக்குள் கூடாரம் அடித்ததும் இயற்கையா?

2018இல் குரங்கணி காட்டுத்தீயில் அத்தனை பேர் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்குத் தமிழக அரசு விதிமுறை கொண்டுவந்தது. இவர்களிடம் வனத்துறை அனுமதியைக் கேட்டேன், ஏதோ தோட்டத்து வாடகை ரசீதை அனுப்புகிறார்கள். நீங்கள் பணம் கட்டும் முன்பே வனத்துறை அனுமதியைக் கேளுங்கள். கூடாரம் போடும் இடம் எது, ராத்திரி யார் முழித்திருப்பார்கள், சிக்னல் இல்லையென்றால் எப்படித் தகவல் சொல்வார்கள், எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் அனுப்பாதீர்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அதே முகாமுக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள் இதைப் படித்தால், அந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள், குழுவிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருக்கிறார்கள்.