முட்டைக்கண்ணா, அரைக்கண்ணா? கண் கொட்டாத போட்டிக்கு எது சரி

எதிரெதிரே உட்கார வேண்டும், கண்ணோடு கண் பார்க்க வேண்டும், முதலில் இமைத்தவர் அவுட். சிரித்தாலும் அவுட் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அக்கா பிள்ளைகள் லீவுக்கு வந்துவிட்டால் கேரம் போர்டு இறங்குவதற்கு முன்னால் இதுதான் நடக்கும். காசு செலவில்லாத விளையாட்டுதான். ஆனாலும் ஜெயிக்க வேண்டும் என்று இறங்கினால் யோசிக்க நிறைய இருக்கிறது.

இதில் பெரிதாக இரண்டு கட்சி உண்டு. ஒன்று, கண்ணை அகல விரித்து முட்டைக்கண்ணாக முறைப்பது. இன்னொன்று, மேல் இமையைச் சற்றே தழையவிட்டு, பார்வையைக் கொஞ்சம் கீழ்நோக்கி வைத்துக்கொள்வது. எதிராளியைச் சிரிக்க வைத்தே ஜெயிப்பவர்கள் மூன்றாவது கட்சி. மூன்றையும் ஆடிப் பார்த்துவிட்டு நான் அரைக்கண் கட்சியில் சேர்ந்துவிட்டேன். அதற்கான காரணம்தான் இந்த அலசல்.

முட்டைக்கண்ணில் ஒரு நன்மை இருக்கிறது. பார்க்க மிரட்டலாக இருப்பதால் சின்னப் பிள்ளைகள் அதைக் கண்டதுமே சிரித்துவிடுவார்கள். ஆட்டம் சீக்கிரம் முடியும் என்றால் அதுவே போதும். எதிரில் இருப்பவர் சிரிக்காத ஆளாக இருந்தால் கதை வேறு. புருவத்தைத் தூக்கியே வைத்திருப்பதால் நெற்றி வலிக்கும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைவிடப் பெரிய சிக்கல், கண் சீக்கிரம் காய்ந்துபோவது. இந்தப் போட்டியின் தீர்ப்பு கண்ணின் ஈரத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. மன உறுதி அதற்கு அப்புறம்தான்.

நம் கண்ணின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கிறது. அடியில் வழவழப்பான ஒரு பூச்சு, நடுவில் நீர், மேலே எண்ணெய். இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் சுரப்பிகள்தான் அந்த எண்ணெயைக் கசியவிடுகின்றன. நீர் ஆவியாகிவிடாமல் மூடி வைப்பது அதன் வேலை. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இந்தப் படலம் புதிதாகப் பூசப்படுகிறது. சாதாரணமாக நிமிஷத்துக்கு 15 முதல் 20 தடவை இமைக்கிறோம், அதாவது மூன்று நான்கு நொடிக்கு ஒருமுறை. இமைக்காமல் பிடித்து வைத்தால் படலம் ஆங்காங்கே கிழிய ஆரம்பிக்கும். கண் மருத்துவர் மஞ்சள் சாயம் தொட்டுவைத்து, நீல வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே “இமைக்காம இருங்க” என்று சொல்வது இதைப் பார்க்கத்தான். மஞ்சளுக்கு நடுவே கறுப்புத் திட்டு விழுந்தால் அந்த இடத்தில் படலம் உடைந்துவிட்டது என்று அர்த்தம். 10 நொடிக்குள்ளேயே உடைந்தால் கண் உலர்வு இருக்குமோ என்று சந்தேகப்படுவார்கள்.

படலம் ஆவியாகும்போது கருவிழியின் மேற்பரப்பு குளிர்கிறது. உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் கருவிழியும் ஒன்று. அந்தக் குளிர்ச்சியையும் உலர்வையும் உணர்ந்ததுமே மூளைக்குச் செய்தி போய்விடும். அப்புறம் வருவதுதான் அந்தக் கரிப்பு, எரிச்சல், மூடியே ஆக வேண்டும் என்ற தவிப்பு. சுயம்வர மண்டபத்தில் நளனைப் போலவே வேஷம் போட்டு வந்த தேவர்களுக்கு நடுவே தமயந்தி அசல் நளனைக் கண்டுபிடித்த அடையாளங்களில் ஒன்று, அவன் கண் இமைத்தது. மனிதப் பிறவி என்றால் இமைத்துத்தான் ஆக வேண்டும். அதை எவ்வளவு தள்ளிப்போடலாம் என்பதுதான் கணக்கு.

தள்ளிப்போட முக்கியமான வழி, காற்றுப் படும் பரப்பைக் குறைப்பது. அரைக்கண் ஜெயிப்பது இங்கேதான். கண்ணாடி முன் நின்று, தலையை அசைக்காமல் கூரையைப் பாருங்கள். அப்புறம் முகவாயைச் சற்று உயர்த்திக்கொண்டு, கண்ணாடியில் உங்கள் மூக்கு நுனியைப் பாருங்கள். மேலே பார்க்கும்போது கண் முழுக்கத் திறந்து கிடக்கும். கீழே பார்க்கும்போது மேல் இமை தானாகவே இறங்கிக் கண்ணில் நல்ல பங்கை மூடிக்கொள்ளும். எந்தத் தசையையும் இறுக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் திரையைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைக்கச் சொல்வதற்கும் இது ஒரு காரணம்.

அதனால் நான் முதலில் பார்ப்பது உட்காரும் இடத்தைத்தான். எதிராளி தரையில் உட்கார்ந்தால் நான் முக்காலியில் உட்காருவேன். அவர் நாற்காலி என்றால் என் நாற்காலியில் ஒரு தலையணை ஏறிவிடும். நான் கீழே பார்க்கிறேன், அவர் மேலே பார்க்கிறார். ஆட்டம் தொடங்கும் முன்பே பாதி வேலை முடிந்தது. அடுத்தது ஃபேன். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே யாரும் உட்காரக் கூடாது. டேபிள் ஃபேன் இருந்தால் அது யார் முகத்துக்கு அடிக்கிறது என்று பாருங்கள். முகத்துக்கு நேரே காற்று வாங்குபவர் எவ்வளவு வைராக்கியக்காரராக இருந்தாலும் நிற்க முடியாது. அக்காவின் மூத்த பையனுக்கு இந்த இரண்டையும் சொல்லிக் கொடுத்த பிறகு, “மாமா, நீங்க இறங்கி உக்காருங்க, இல்லேன்னா நான் ஆட மாட்டேன்” என்று முதலிலேயே பேரம் பேசுகிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, இறங்கித்தான் உட்காருகிறேன்.

அரைக்கண்ணுக்கு எதிரான வாதம் ஒன்றுதான்: இது கள்ளாட்டம் இல்லையா? கண்ணைச் சுருக்கிக்கொண்டே போய் மூடின மாதிரி வைத்துக்கொண்டால் கள்ளாட்டம்தான். எங்கள் வீட்டில் கருவிழிக்கு நடுவே இருக்கும் பாப்பா முழுசாகத் தெரிய வேண்டும் என்று வைத்திருக்கிறோம். மேல் இமை பாப்பாவின் விளிம்பு வரை இறங்கலாம், அதைத் தாண்டக் கூடாது. அந்த அளவே தாராளம்.

தொடங்கும் முன் கண்ணை இறுக்கி மூடி, நன்றாக நாலைந்து தடவை முழுசாக இமைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பூசிய ஈரத்தோடு உள்ளே போகலாம். எரிச்சலின் முதல் அலை வரும்போதுதான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். அதைத் தாண்டிவிட்டால் கண்ணீர் தானாகச் சுரக்கும். கீழ் இமை ஓரத்தில் நீர் கோத்துப் பளபளவென்று நிற்கும், அப்போது கொஞ்சம் ஆசுவாசம் கிடைக்கும். இந்தக் கண்ணீர் பெரும்பாலும் வெறும் நீர்தான், எண்ணெய்ப் பசை குறைவு. அதனால் சீக்கிரமே இரண்டாவது அலை வரும். எதிராளிக்கும் இதே கதைதான். அவர் கீழ் இமையைக் கவனியுங்கள், இமைப்பதற்குச் சற்று முன் அது மெல்லத் துடிக்கும். அதைப் பார்த்துவிட்டால் நமக்கு இன்னும் கொஞ்ச நேரம் தாங்கத் தெம்பு வரும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தேர்வும் இருக்கிறது: கண்ணுக்கு வேலை கொடுப்பதா, பார்வையை மங்கலாக விட்டுவிடுவதா? படிக்கும்போதும் திரையைப் பார்க்கும்போதும் நாம் இமைப்பது வெகுவாகக் குறைகிறது. வீடியோ பார்ப்பவர்கள் கதையில் கொஞ்சம் இடைவெளி விழும் இடமாகப் பார்த்துச் சேர்ந்தாற்போல இமைப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். கவனம் தளரும் இடத்தில்தான் இமை விழுகிறது. அதனால் எதிராளியின் கண்ணில் தெரியும் ஜன்னல் வெளிச்சம், இமை மயிர், மூக்குத் தண்டில் கண்ணாடி அழுத்திய தடம் என்று ஒவ்வொன்றாகக் கவனிப்பது என் வழக்கம். பார்வையை ஒரே புள்ளியில் நிறுத்தினால் சுற்றியுள்ளவை மெல்ல மறையத் தொடங்கும். டிராக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் 1804இலேயே பதிவு செய்த விஷயம் அது. எதிரே இருக்கும் முகம் கோணலாகத் தெரிந்தால் சிரிப்பு வந்துவிடும், எனக்கு அது ஒத்துவரவில்லை. முகம் மங்கிப்போனால் சிரிப்பு வராது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இது ஆளுக்கு ஆள் மாறும் என்றே நினைக்கிறேன்.

சிரிக்க வைக்கும் கட்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூக்கை விடைப்பது, காதை ஆட்டுவது எல்லாம் ஒரு தடவை பலிக்கும், அதே ஆளிடம் மறுபடி பலிக்காது. முகத்துக்கு நேரே கையை வீசுவது, ஊதுவது இரண்டும் கூடவே கூடாது.

திராடகம் பழகினால் ஜெயிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஹட யோகத்தின் ஆறு சுத்திகரிப்புகளில் ஒன்று அது. விளக்குச் சுடர் போன்ற சிறு புள்ளியைக் கண்ணில் நீர் வரும்வரை இமைக்காமல் பார்ப்பது. எரிச்சல் பழகிவிட்டால் பதற்றம் குறையும் என்பது நம்பும்படிதான் இருக்கிறது. நான் அதைத் தொடர்ந்து செய்தவன் இல்லை, அதனால் போட்டிக்கு உதவும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

கான்டாக்ட் லென்ஸ் போட்டிருப்பவர்கள் கழற்றிவிட்டு ஆடலாம். கண் உலர்வுக்குச் சொட்டு மருந்து போடுபவர்களும், சமீபத்தில் கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் இதில் இறங்கவே வேண்டாம். மெட்ராஸ் ஐ ஓடும் சீசனில் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் முதலில் செய்வது கண்ணைக் கசக்குவதுதான், அதே கை அடுத்த பிள்ளையைத் தொடும்.

ஏசி அறையில் இரண்டு பேருக்குமே சீக்கிரம் காயும். அங்கேயும் அரைக்கண்தான் தாங்கும் என்று நினைக்கிறேன், ஆனால் நான் அதிகம் ஆடியது கூடத்திலும் மொட்டை மாடியிலும்தான். எங்கே ஆடினாலும், உயரமான இடமும் காற்றுப் படாத மூலையும் யாருக்கு என்பதைப் பூவா தலையா போட்டு முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.