69 கமாரோ எஸ்எஸ் தேடுபவர்கள் கவனத்துக்கு: விலைப் பட்டியலைக் காட்டி ஏமாற்றுகிறார்கள்

டெட்ராய்ட் பக்கம் இருக்கும் நம் ஆட்களில் பழைய மஸ்கிள் கார் (பெரிய எஞ்சின் போட்ட வேகமான அமெரிக்க கார்) மீது ஆசை உள்ளவர்கள் நிறைய. ஆகஸ்டில் வுட்வர்ட் டிரீம் குரூஸ் என்ற பழைய கார் அணிவகுப்பைப் பார்த்துவிட்டு வந்து, "ஒன்று வாங்கிப் போட்டால் என்ன, விலை ஏறிக்கொண்டேதானே போகிறது" என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பக்கத்து மாநிலத்தில், அடுத்தவர் வண்டிகளை கமிஷனுக்கு விற்றுக்கொடுக்கும் ஷோரூம் ஒன்றில், 1969 கமாரோ எஸ்எஸ் 396 (செவர்லே கமாரோவின் 'சூப்பர் ஸ்போர்ட்' ரகம், 396 கன அங்குல எஞ்சினோடு) என்று சொல்லி 72,000 டாலருக்கு ஒரு வண்டியை என் தலையில் கட்டினார்கள். அது எஸ்எஸ்ஸே இல்லை. விவகாரம் வக்கீலிடம் இருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை.

விற்பனையாளர் வண்டியைக் காட்டுவதற்கு முன் விலைகளைத்தான் காட்டினார். 2014இல் சியாட்டில் மீகம் ஏலத்தில் ஹெமி என்ற பெரிய எஞ்சின் போட்ட 1971 பிளிமத் 'ஹெமி குடா' கன்வெர்ட்டிபிள் 35 லட்சம் டாலருக்குப் போன கதையில் ஆரம்பித்தார். அந்த ரகத்தில் செய்ததே 11 வண்டிதான். 69 கமாரோவோ ஏறக்குறைய 2,43,000 வண்டி செய்தார்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம் ஒரு விலைப் பட்டியலின் பக்கத்தை எடுத்து வைத்தார். தேதியைப் பார்த்தால் 2022. கொரோனா காலத்தில் எகிறிய விலைகள் உச்சியில் இருந்த நேரம். இந்தச் சந்தை 2006 வாக்கில் ஏறி, 2008 நெருக்கடியில் விழுந்து, மறுபடி ஏறி, 2022க்குப் பிறகு தளர்ந்தது. அவர் காட்டிய வரைபடத்தில் ஏற்றம் மட்டும்தான் இருந்தது. கேட்டதற்கு, "நல்ல வண்டிக்கு விலை இறங்காது" என்றார்.

அதாவது, பட்டியலில் எஸ்எஸ் 396க்குப் போட்டிருக்கும் தொகை, ஆலையிலிருந்தே அப்படி வந்த வண்டிக்கான தொகை. சாதாரண கமாரோவை வாங்கி, பெரிய எஞ்சினை ஏற்றி, எஸ்எஸ் சின்னம் ஒட்டியதற்கு அது பொருந்தாது. அதற்கு 'குளோன்' என்று பெயர், சந்தையும் தனி. குளோன் என்று சொல்லி விற்றால் தப்பே இல்லை, ஓட்டுவதற்கு அருமையாகவே இருக்கும். அசல் விலைக்கு விற்பதுதான் மோசடி.

செவர்லே வண்டிகளில் இந்த மோசடி சுலபம். 69 கமாரோவின் வின் எண் (வண்டியின் அடையாள எண்) 124 என்று தொடங்கினால் வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின், என்று தெரியும், அவ்வளவுதான். எஸ்எஸ்ஸா இல்லையா என்பது அதில் இருக்காது. 1970, 71 டாட்ஜ், பிளிமத் என்றால் வின் எண்ணில் ஐந்தாவது எழுத்து R ஆக இருந்தால்தான் ஹெமி. வண்டி ஆலையிலிருந்து எப்படி வந்தது என்று சொல்லும் ஆவணமாக, ஃபோர்டுக்கு 1967 முதல் மார்ட்டி ரிப்போர்ட் கிடைக்கும், போன்டியாக்குக்குப் பிஎச்எஸ் ஆவணம் உண்டு. கனடாவில் விற்ற செவர்லேவுக்கும் அதன் தாய் நிறுவனமான ஜிஎம்மின் கனடா கிளையிடம் பதிவு இருக்கும். அமெரிக்காவில் விற்ற கமாரோவுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. பில்ட் ஷீட் (ஆலையில் வண்டி கட்டும்போது எழுதிய விவரத் தாள்), உத்தரவாதப் புத்தகத்தோடு வந்த உலோகத் தகடு, இவைதான் சாட்சி. அவற்றிலும் போலி வருகிறது.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு, பின் அச்சில் எண்ணெய் கசிகிறதென்று உள்ளூர் மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் டிஃபரன்ஷியல் மூடியைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். பத்து போல்ட். எஸ்எஸ் 396க்குப் பன்னிரண்டு போல்ட் அச்சு வர வேண்டும். சரி, அச்சை யாராவது மாற்றியிருக்கலாம் என்று, எஞ்சின் அறைச் சுவரில் உள்ள டிரிம் டேகை (ஆலைக் குறியீடுகள் பொறித்த தகடு) பார்த்தோம். வாங்கும் முன் அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த படத்தில் தடியான கறுப்பு பெயின்ட்தான் தெரிந்தது, "ரீஸ்டோர் செய்தபோது அடித்தது" என்றார்கள். மெக்கானிக் தின்னர் போட்டுத் துடைத்தார். X44. ஒஹாயோவின் நார்வுட் ஆலையில் சாதாரண கமாரோவுக்குப் போட்ட குறியீடு அது. 396க்கு X22 அல்லது X66 இருந்திருக்க வேண்டும். அதே டேகில் வண்டி கட்டிய காலம் 02A, பிப்ரவரி முதல் வாரம். எஞ்சின் பிளாக்கில் குத்தியிருந்ததோ T0318, டோனவாண்டா ஆலை, மார்ச் 18. கார் பிறந்து ஒரு மாதத்துக்கு மேல் கழித்துப் பிறந்த எஞ்சின்! விளம்பரத்தில் 'நம்பர் மேட்சிங்' (எண்கள் பொருந்தும், அசல் எஞ்சின்) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கடைக்காரர்களே சிபாரிசு செய்த 'சுயேச்சையான' பரிசோதகரின் அறிக்கை நாற்பது பக்கம். பெயின்ட், குரோம், சீட், டயர் எல்லாம் உண்டு, ஒரு எண்கூட இல்லை. காப்பீட்டுக்காக நானே அமர்த்திய மதிப்பீட்டாளர் 41,000 என்றார்.

கடையில் சொன்ன பதில்: விற்பனைச் சீட்டில் '1969 செவர்லே கமாரோ, உள்ளது உள்ளபடி' என்றுதான் இருக்கிறதாம். விளம்பரத்தில் எழுத்தாகச் சொன்ன வர்ணனையும் உத்தரவாதம்தான், 'உள்ளது உள்ளபடி' என்பது பொய்யைக் காப்பாற்றாது என்கிறார் என் வக்கீல். நான் பேசிய மறுநாள் அந்த விளம்பரம் காணாமல் போனது. என்னிடம் அச்செடுத்த பிரதி இருக்கிறது, நீங்களும் எடுத்து வையுங்கள். 'எஸ்எஸ் 396, அசல் எஞ்சின்' என்பதை விற்பனைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். டேக், எஞ்சின் எண் இரண்டையும் உங்கள் ஆள் நேரில் படிக்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

சமரசத்துக்கு அவர்கள் சொன்ன வழியையும் கேளுங்கள். வண்டியைத் திரும்பக் கொண்டுவந்தால் அதே எஸ்எஸ் 396 என்றே விற்றுத் தருவார்களாம், பத்து சதவீத கமிஷனுக்கு. இப்போது அங்கே செவர்லேயின் இன்னொரு மாடலான 1970 செவெல் எஸ்எஸ் 454 ஒன்று விலைக்கு நிற்கிறது. அந்த ஆண்டு செவெலின் வின் எண்ணிலும் எஸ்எஸ் தெரியாது. இருபது படம் போட்டிருக்கிறார்கள், டேகின் படம் மட்டும் இல்லை.