கறுப்புச் சதுரத்தின்மேல் ஒரு பிரமிடு: ஹிரோகாசு காட்டோவின் ஏஆர்டூல்கிட்

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பிரமிடைக் கரும்பலகையில் வரைந்து, "பின்பக்கம் தெரியாது, அதனால புள்ளிக்கோடு" என்று சொல்லியே பல வருடம் போய்விட்டது. இந்த முறை ஒரு தாள் கொண்டுபோனேன். அதில் தடித்த கறுப்புச் சதுரம், நடுவில் ஆங்கில எழுத்தில் 'ஹிரோ'. செல்போன் கேமராவைக் காட்டினால் திரையில் அந்தத் தாள்மேல் ஒரு பிரமிடு நிற்கும். தாளைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பும்.

நான் பயன்படுத்தியது ஏஆர்.ஜேஎஸ். கேமராவில் தெரியும் காட்சிமேல் கணினி வரைந்த உருவத்தைச் சேர்த்துக் காட்டும் மென்பொருள் அது. இலவசம், பிரவுசரிலேயே ஓடும், ஆப் இறக்க வேண்டாம். அதற்குள் வேலை செய்வது 1999-ல் ஹிரோகாசு காட்டோ எழுதிய ஏஆர்டூல்கிட் என்ற நிரல்தான். ஜப்பானிய ஆய்வாளரான அவர், அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்க் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து அதைச் செய்தார். தூரத்தில் இருப்பவரின் முகத்தை மேசைமேல் உள்ள அட்டையில் நிறுத்திவைத்துப் பேசுவதுதான் அப்போதைய நோக்கம். 2001-ல் இவான் பூபிரெவ் என்ற ஆய்வாளரும் சேர, பக்கத்தைப் புரட்டினால் காட்சி எழும்பும் புத்தகம் ஒன்றைச் செய்தார்கள். தாளைக் கையில் எடுத்துத் திருப்பத் தெரிந்தால் போதும், வேறு எதுவும் கற்றுக்கொள்ள வேண்டாம் என்ற அந்த யோசனைக்காகவே எனக்கு இவர்கள்மேல் பெரிய மரியாதை. நிரலைப் பூட்டி வைக்காமல் மூலத்தோடு கொடுத்ததால்தான் இன்று என் வகுப்பு வரை வந்திருக்கிறது.

உள்ளே நடப்பது சுத்தமான வடிவியல். கேமராப் படத்தைக் கறுப்பு, வெள்ளை என்று பிரிக்கிறது. நான்கு நேர்கோடுகள் சூழ்ந்த பகுதியைத் தேடுகிறது. நிஜத்தில் அது சதுரம், பக்க அளவும் தெரியும்; அப்படியானால் படத்தில் அது எவ்வளவு கோணியிருக்கிறது என்பதிலிருந்தே கேமராவின் தூரத்தையும் சாய்வையும் கணக்கிட்டுவிடலாம். நடுவில் உள்ள எழுத்து, இது எந்தச் சதுரம், எது மேல்பக்கம் என்று அறிவதற்கு.

குறைகளும் உண்டு. தாள் கசங்கக் கூடாதென்று லேமினேட் செய்தேன். டியூப்லைட் பட்டுப் பளபளத்து, பிரமிடு வருவதும் மறைவதுமாக இருந்தது. சாதாரணத் தாளே போதும். சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை ஒட்ட வெட்டிவிடாதீர்கள், கருநிற மேசையில் வைத்தால் சதுரம் எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு மூலையில் விரல் பட்டாலும் போச்சு. பையன்கள் ஆசையாகத் தாளைப் பிடிப்பதே மூலையில்தான், அதனால் கெட்டி அட்டையில் ஒட்டி அகலமான கைப்பிடி வைத்தேன். அப்புறம் தொல்லை இல்லை.

தீராத ஒரு குறை, அடிப்பக்கம். தாளைக் கவிழ்த்தால் கறுப்புச் சதுரக் குறி மறைந்துவிடும், பிரமிடும் போய்விடும். கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தி, "அடியில சதுரமா முக்கோணமான்னு எப்படி சார் பார்க்கிறது?" என்று கேட்டாள். இப்போது ஒரு சாக்பீஸ் பெட்டியின் ஆறு பக்கமும் ஆறு வெவ்வேறு குறிகளை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். எந்தப் பக்கம் மேலே வந்தாலும் பிரமிடின் அந்தப் பக்கம் தெரிய வேண்டும். திங்கட்கிழமை முதலில் அவள் கையில்தான் கொடுக்கப்போகிறேன்.